காட்டு ரோட்டில் சைக்கிள்: குழிக்கு சொந்தக்காரர் யார்?

காலை 5 மணி. கிழக்கு தாம்பரம் கேம்ப் ரோடு டீக்கடையில் பாய்லர் இப்போது தான் சூடாகிறது. தலையில் ஹெல்மெட், முதுகில் சின்னப் பை, உடம்போடு ஒட்டிய பனியன். நாலு பேர், அஞ்சு பேராக சைக்கிள்காரர்கள் வந்து இறங்குகிறார்கள். ஆளுக்கு ஒரு டீ. அடுத்த நிமிடம் மாடம்பாக்கம் பக்கம் திரும்பி ‘விர்’ரென்று பறந்து விடுகிறார்கள்.

போகிற இடம்? அகரம்தென், கோவிலாஞ்சேரி, மாம்பாக்கம். இன்னொரு கோஷ்டி நெடுங்குன்றம், கொளப்பாக்கம் வழியாக வண்டலூர் காட்டோரம். ஹாரன் சத்தம் இல்லாத ரோடு வேண்டும், ரெண்டு பக்கமும் பச்சை தெரிய வேண்டும், மூச்சு வாங்கினால் நல்ல காற்று உள்ளே போக வேண்டும். அவ்வளவு தான் அவர்கள் கேட்பது.

அதே ரோட்டில், அதே நேரத்தில் வேறு சைக்கிள்களும் போகின்றன. பால் கேன் கட்டிய சைக்கிள். பேப்பர் போடும் பையன் சைக்கிள். ராத்திரி டூட்டி முடித்து வீட்டுக்குத் திரும்பும் வாட்ச்மேன் சைக்கிள். டிபன் கேரியரைத் தொங்க விட்டுக் கொண்டு கட்டிட வேலைக்குப் போகிறவர் சைக்கிள். இவர்களுக்கு ஹெல்மெட்டும் கிடையாது, லைட்டும் கிடையாது. ‘அமைதியான ரோடு’ என்று யாராவது சொன்னால் சிரிப்பார்கள். அவர்களுக்கு அது வேலைக்குப் போகிற வழி.

லட்ச ரூபாய் சைக்கிளும் ஓட்டை சைக்கிளும் விழுவது ஒரே குழியில் தான்!

பிளாட் போட முடியாத இடம்

தாம்பரத்தைச் சுற்றி இத்தனை பச்சை எப்படி மிச்சம் இருக்கிறது என்று பலருக்கு ஆச்சரியம். காரணம் சாதாரணமானது. அங்கே பிளாட் போட முடியவில்லை.

1855-ல் சென்னை மியூசியத்தில் ஆரம்பித்த மிருகக்காட்சி சாலை, அப்புறம் சென்டிரல் பக்கம் பீப்பிள்ஸ் பார்க்குக்கு போனது. அங்கும் இடம் பத்தவில்லை. வண்டலூர் காப்புக் காட்டில் இடம் ஒதுக்கி, 1985-ல் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா திறக்கப்பட்டது. பரப்பு 602 ஹெக்டேர். வேலி போட்டதால் மரம் பிழைத்தது. 2016 டிசம்பரில் ‘வர்தா’ புயல் வந்து ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்து விட்டுப் போனது. அதற்குப் பிறகும் காடு மறுபடி துளிர்த்து நிற்கிறது.

மேடவாக்கம் போகிற வழியில் நன்மங்கலம் காப்புக் காடு. சுமார் 320 ஹெக்டேர். நடுவில் கைவிடப்பட்ட பழைய கல்குவாரி. அந்தப் பாறை இடுக்கில் கொம்பன் ஆந்தை குடித்தனம் நடத்துகிறது. தாம்பரத்திலேயே கிறிஸ்தவ கல்லூரி வளாகம் இருக்கிறது. 1937-ல் கல்லூரி இங்கே குடி வந்தபோது வெறும் புதர்க் காடு. 365 ஏக்கர். இன்றும் அங்கே புள்ளிமான் உண்டு. 1928-ல் காச நோயாளிகளுக்கு சானடோரியம் கட்ட டாக்டர் சவுரி முத்து இந்தப் பக்கத்தைத் தேடி வந்ததும் இந்தக் காற்றுக்காகத் தான்.

இதையெல்லாம் மலை, காடு என்று சொன்னால் கொல்லிமலைக்காரர் வாய் விட்டுச் சிரிப்பார். அங்கே 70 கொண்டை ஊசி வளைவு. ஏலகிரியில் 14. வண்டலூரில் ஒன்று கூட இல்லை. ஆனால் ஏலகிரிக்கு ரெயில் டிக்கெட் எடுக்க வேண்டும், லீவு போட வேண்டும். தெம்பும் நேரமும் உள்ளவர்கள் வெளிவட்டச் சாலை பிடித்து, ஊத்துக்கோட்டை தாண்டி, ஆந்திர எல்லையில் நாகலாபுரம் மலை வரை மிதித்து விட்டு வருகிறார்கள். 9 மணிக்கு ஆபீசில் கையெழுத்துப் போட வேண்டிய குமாஸ்தாவுக்கு அது முடியுமா? அவருக்கு வண்டலூர் தான் ஏலகிரி, நெடுங்குன்றம் தான் நாகலாபுரம்.

6½ மணிக்கு மேல்...

இந்த அமைதிக்கு ஆயுள் குறைச்சல். காலை 6½ மணி வரை கவுதாரி கத்துவது கேட்கும். கீரி ரோட்டைத் தாண்டும். அதற்கு மேல் வரிசையாக டிப்பர் லாரி. ஜல்லி, எம்சாண்ட், மண். தார்ப்பாய் மூடாத லாரி ஒன்று முன்னால் போனால், பின்னால் வருகிறவர் கண்ணில் மண் தான்.

டிப்பர் போனதும் கல்லூரி பஸ். கல்லூரி பஸ் போனதும் ஐ.டி. கம்பெனி வேன். 2023 டிசம்பர் 30-ந் தேதி கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்த பிறகு வண்டலூர் சந்திப்பின் முகமே மாறி விட்டது. 62 கிலோ மீட்டர் வெளிவட்டச் சாலை மீஞ்சூரில் இருந்து வந்து சேருவதும் அதே வண்டலூரில் தான். ஜி.எஸ்.டி. ரோட்டில் நெரிசல் என்றால் கார்க்காரர்கள் என்ன செய்வார்கள்? காட்டோர ரோட்டை குறுக்கு வழி ஆக்கிக் கொள்கிறார்கள். செல்போன் வழிகாட்டியே அந்த வழியைத் தான் காட்டுகிறது.

வண்டலூர்-கேளம்பாக்கம் ரோட்டில் மேலக்கோட்டையூர் இருக்கிறது. 1995-ல் சென்னையில் தெற்காசிய விளையாட்டுப் போட்டி நடந்தபோது அங்கே சைக்கிள் பந்தயத்துக்கு என்று தனியாக ஓடுபாதை கட்டினார்கள். பந்தய சைக்கிளுக்கு பாதை போட்ட ஊரில், பால்கார சைக்கிளுக்கு ரோட்டின் ஓரம் கூட இல்லை!

எல்லைத் தகராறு

காட்டோர ரோட்டில் குழி விழுந்தால் யாரிடம் சொல்வது? இங்கே தான் வேடிக்கை.

2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி ஆனது. 5 நகராட்சி, 5 பேரூராட்சி சேர்ந்தன. மாடம்பாக்கம் உள்ளே வந்தது. அடுத்த அகரம்தென் வெளியே நின்றது. பெருங்களத்தூர் உள்ளே. ஒட்டி இருக்கும் வண்டலூரும் நெடுங்குன்றமும் வெளியே. சைக்கிளில் 20 நிமிடம் மிதித்தால் மாநகராட்சி ரோடு, ஊராட்சி ரோடு, நெடுஞ்சாலைத்துறை ரோடு என்று மூன்றையும் தாண்டி விடலாம். வேலிக்கு அந்தப் பக்கம் வனத்துறை. அனுமதி இல்லாமல் உள்ளே கால் வைத்தால் 1882-ம் ஆண்டு வனச் சட்டப்படி குற்றம். தமிழ்நாட்டு எல்லைக்குக் கூட இத்தனை தாண்டல் கிடையாது.

“அது எங்க எல்லையில வராது சார்.” தென் சென்னை புறநகரில் இந்த வாசகத்தைக் கேட்காத வரி கட்டுகிறவர் இருக்க மாட்டார். குழிக்கு எல்லை தெரியாது. பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம் விழுந்து தொலைக்கிறது. வேலி ஓரத்தில் கொட்டப்படும் கோழிக் கழிவுக்கும் இதே கதை. கழிவு இருந்தால் நாய் வரும். இருட்டில் நாய் குறுக்கே பாய்ந்தால் சைக்கிள்காரர் கதி?

போலீஸ் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் பரவாயில்லை. 2022 ஜனவரி 1-ந் தேதி முதல் தாம்பரத்துக்கு தனி கமிஷனர் அலுவலகம் வந்து விட்டது. இந்த காட்டோர கிராமங்கள் பலவும் அதற்குள் வருகின்றன.

அமைதி திருடனுக்கும் பிடிக்கும்

மரம் அடர்ந்த, ஆள் இல்லாத, விளக்கு இல்லாத ரோடு என்றால் சைக்கிள்காரருக்கு மட்டுமா ஆசை? செல்போன் பறிக்கிறவனுக்கும், சங்கிலி அறுக்கிறவனுக்கும் அதே ரோடு தான் வேண்டும். பெண்கள் தனியாகப் போகத் தயங்குகிறார்கள். கூட்டமாகப் போகிறவர்களுக்கு பயம் இல்லை. தனியாக வருகிற வாட்ச்மேனுக்கும், டியூஷனுக்குப் போகும் மாணவிக்கும் தான் பயம். காலை 4½ மணியில் இருந்து 6½ மணி வரை ஒரு ரோந்து மோட்டார் சைக்கிள் இந்த ரோடுகளில் போய் வந்தால் போதும்.

ஒரு காலத்தில் லைட் இல்லாத சைக்கிளை போலீஸ்காரர் நிறுத்துவார். டைனமோ சுற்றுகிறதா என்று பார்ப்பார். ‘டபுள்ஸ்’ வந்தால் டயரில் காற்றைப் பிடுங்கி விடுவார். திட்டிக் கொண்டே தள்ளிக் கொண்டு போவார்கள். இன்றைக்கு யாரும் நிறுத்துவது இல்லை. நிறுத்தட்டும். அபராதம் வேண்டாம், பின் மட்கார்டில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பட்டும். டிப்பர் டிரைவர் கண்ணில் பட அது போதும்.

மோதி விட்டு நிற்காமல் போகும் வண்டிகள் உண்டு. வண்டி நம்பர் தெரியாது, வழக்கு நிற்காது என்று குடும்பம் அழுது விட்டு அடங்கி விடுகிறது. 2022 ஏப்ரல் 1 முதல் மத்திய அரசு திட்டப்படி, அடையாளம் தெரியாத வண்டி மோதி இறந்தால் 2 லட்சம் ரூபாய், பலத்த காயத்துக்கு 50 ஆயிரம் ரூபாய் உண்டு. மனு கொடுக்க வேண்டிய இடம் தாலுகா, கோட்ட வருவாய் அதிகாரிகள் அலுவலகம். எத்தனை பால்காரர் வீட்டுக்கு இது தெரியும்? அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேர சிகிச்சையை தமிழக அரசு பார்த்துக் கொள்ளும் திட்டம் 2021 டிசம்பரில் இதே ஜி.எஸ்.டி. ரோட்டில் உள்ள மேல்மருவத்தூரில் தான் தொடங்கியது. டீக்கடை சுவரில் சினிமா போஸ்டருக்குப் பக்கத்தில் இதை ஒட்டி வைக்கலாமே.

அகலம் செய்ய வேண்டாம்!

உடனே சிலர், ‘ரோட்டை அகலப்படுத்துங்கள்’ என்பார்கள். தப்பு. அகலப்படுத்தினால் மரம் போகும், வேகம் வரும். வேகம் வந்தால் சைக்கிள்காரர் ரோட்டுக்கு வெளியே போவார். குறுகலாக இருப்பதால் தான் அந்த ரோட்டில் இன்னும் கவுதாரி இருக்கிறது.

வேண்டியது வேறு. காட்டோர ரோடுகளில் காலை 5 மணி முதல் 8 மணி வரை டிப்பருக்கு தடை. சென்னை நகருக்குள் லாரிக்கு நேரக் கட்டுப்பாடு வைத்தவர்களுக்கு இது பெரிய வேலையா? ‘நாங்கள் ஜல்லி கொண்டு வராவிட்டால் வீடு எப்படி எழும்பும்’ என்று லாரிக்காரர்கள் கேட்பார்கள். நியாயம் தான். நாள் முழுக்க நிறுத்தச் சொல்லவில்லை, மூன்று மணி நேரம் தான்.

நடக்கிறவருக்கும் சைக்கிளுக்கும் முதல் இடம் என்று 2014-ல் சென்னை மாநகராட்சி கொள்கை போட்டது. போக்குவரத்துப் பணத்தில் 60 சதவீதம் அதற்கே என்றும் எழுதினார்கள். தாம்பரம் அதைப் பார்த்து எழுத வேண்டியது கூட இல்லை. மாநகராட்சி, ஊராட்சி ஒன்றியம், நெடுஞ்சாலை, வனம் நாலு பேரும் ஒரு நாள் உட்கார்ந்து, இந்த ரோடுகளுக்கு ஒரே ஒரு போன் நம்பர் கொடுத்தால் பாதி தீர்ந்தது. பிளஸ்-1 பிள்ளைகளுக்கு அரசு இலவச சைக்கிள் கொடுக்கிறது. பிள்ளைகள் அதை ஓட்ட ரோடு கொடுக்க வேண்டியது யார்?

சைக்கிள் கோஷ்டிகளும் யோக்கியம் இல்லை. மூணு பேர் வரிசையாகப் பேசிக் கொண்டே ரோட்டை அடைக்கிறார்கள். தண்ணீர் பாட்டிலை வேலிக்குள் வீசுகிறார்கள். காட்டுக்குப் பக்கத்தில் பாட்டு வேறு அலறுகிறது! பிள்ளைகளுக்கு சைக்கிள் பழக்க வேண்டும் என்றால் பூங்காவுக்கு உள்ளேயே வாடகை சைக்கிள் கிடைக்கிறது. அங்கே லாரி வராது. செவ்வாய்க்கிழமை மட்டும் லீவு.

காட்டோரம் ஒரு வளைவில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி. மாநகராட்சியும் மூடவில்லை, ஊராட்சியும் மூடவில்லை. யாரோ புண்ணியவான் ஒரு வேப்பங்கிளையை ஒடித்து அதில் நட்டு, நுனியில் சிவப்புத் துணி கட்டி விட்டார். போன வாரம் இலை பச்சையாக இருந்தது. இப்போது முழுக்கக் காய்ந்து விட்டது. துணி மட்டும் ஆடிக் கொண்டிருக்கிறது.