ஆகாயப் பிரயாணமும் நமது காலக் கணக்கும்

மதுரைக்கும் சென்னைக்கும் ஆகாய மார்க்கமாய் ஏறக்குறைய 420 கிலோமீட்டர். விமானம் அதனைச் சுமார் 1¼ மணியிற் கடக்கின்றது. 1977-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் ஓடத் தொடங்கிய வைகை விரைவு வண்டிக்கோ 7½ மணி வேண்டும். ஆகவே ஆதாயம் 6 மணிக்கு மேலென்பர் நண்பர் பலர். இக்கணக்குப் பிழையுடைத்தென்பது நமது துணிபு.

சமயநல்லூர் மதுரைக்கு வடமேற்கே, திண்டுக்கல் இருப்புப் பாதையில் உள்ளது; விமான நிலையமோ நகருக்குத் தெற்கே. அங்குச் செல்ல 1 மணி. காத்திருக்க 2 மணி. இறங்கியபின் பெட்டி பெற்று, மீனம்பாக்கத்தினின்று நகரடைய மேலும் 1 மணி. ஆகக் கூடி 5¼ மணி. ரயிலுக்கு முன்னும் பின்னுமாக 1½ மணி கூட்டின் 9 மணி. எனவே மெய்யான ஆதாயம் 4 மணிக்கும் குறைவே.

விமானத்தை இகழ்வது நம் கருத்தன்று. நோயுற்ற தாயின் படுக்கையருகே விரைவோனுக்கு அம்மணிகள் பொன்னினும் அரியன. அவன் செலவை எண்ணலாகாது. ஆயின் விடுமுறைக்குச் செல்லும் மாணவர், தந்தையார் வியர்வை சிந்தி ஈட்டிய பொருளால் அவற்றை வாங்குமுன், எதற்குச் செலவிடுவோமென ஆராய்தல் நன்று. ரயிலில் அமர்ந்து ஒரு நூலை முற்றும் படிக்கலாம். வரிசையில் நின்று படிப்பார் அரியர். தூரத்தை வானில் அளப்பினும், காலத்தை நம் வீட்டு வாயிலினின்றே அளத்தல் வேண்டும்.