வளைந்தது கோடு அல்ல, விழி!

தோழா!

மூங்கில்துறைப்பட்டில், சர்க்கரை ஆலைக்குப் போகும் சாலையோரம், நம் தோழர்கள் சுண்ணாம்படித்து வைத்திருக்கும் நீண்ட சுவரை நீ கண்டிருப்பாய். மாநாடு வந்தாலும் சரி, தேர்தல் வந்தாலும் சரி, என் நாடகம் வந்தாலும் சரி, அந்தச் சுவருக்கு வாய் கொடுத்தவன் ஓர் இளைஞன். பகலெல்லாம் கரும்பு வெட்டுவான். இரவிலே தூரிகை எடுப்பான். நூல் பிடித்துக் கோடடித்து, நீலத்தைக் குழைத்து, எழுத்து ஓர் இம்மி ஏறாமலும் இறங்காமலும் தீட்டுவான். கூலி கேட்டதில்லை. தேநீர்க் குவளையை நீட்டினால் அதிலும் பாதிதான் அவனுக்கு. மீதி, ஏணி பிடிக்கும் சிறுவனுக்கு.

ஒருநாள் அந்தச் சுவரிலே வரி சரிந்து கிடந்தது. ழகரத்தின் வால் கீழ்வரியின் தலையில் ஏறி உட்கார்ந்திருந்தது. கண்டேன், சிரித்தேன். "என்ன தோழா, மயக்கம் எழுத்துக்கா, எழுதியவனுக்கா?" என்று கேலி பேசினேன். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். கைதட்டல் வாங்கிப் பழகிய நாக்கு இருக்கிறதே, அதற்குக் கண் கிடையாது! அவன் சிரிக்கவில்லை. "அண்ணே, தெருவிளக்கு ஒன்றுதானே? எனக்கு ஐந்தாறு தெரிகிறது. ஒவ்வொன்றுக்கும் வால் வேறு முளைத்திருக்கிறது" என்றான்.

அதற்குப் பதில் வசனம் என்னிடம் இல்லை.

இருபத்திரண்டு வயது அவனுக்கு. மூன்றாண்டுகளில் மூன்று முறை கண்ணாடி மாற்றியிருக்கிறான். கண்ணாடியின் எண் ஏறிற்று. கடைக்காரரின் கணக்கு ஏறிற்று. பார்வை மட்டும் ஏறவில்லை. வெட்டரிவாள் குறி தவறிக் கால் விரலைப் பதம் பார்த்த பிறகு, "கண் தெரியாதவன் நமக்கெதற்கு?" என்று வெட்டுக் கூட்டத்திலிருந்தும் விலக்கப்பட்டான். வீட்டாரோ திருஷ்டி கழித்தார்கள். எலுமிச்சம்பழம் உருண்டது, தேங்காய் உடைந்தது, தெருவிளக்கு ஆறாகவே நின்றது!

நோயின் பெயர் கெரட்டோகோனஸ். வாயில் நுழையவில்லையா? கூம்பு விழி என்று சொல். கருவிழியின் முன்னே, கடிகாரத்து முகப்புக் கண்ணாடிபோல் கவிந்திருக்கும் தெளிந்த படலத்தைக் கார்னியா என்பர் மருத்துவர். நாம் விழிப்படலம் என்போம். நடுவிலே அதன் தடிப்பு அரை மில்லிமீட்டர்தான். சீராக வளைந்து நிற்கவேண்டிய அந்தப் படலம், பருவ வயதிலே மெலியத் தொடங்கிக் கூம்பாகப் பிதுங்கி விடுகிறது. தென்பெண்ணை நீர் அசையாது நிற்கும் இரவிலே நிலவு ஒன்று. ஒரு கல் விழுந்து அலை எழுந்தால் நிலவு நூறு துண்டு. அலையை அடக்காமல், கரையில் நின்றபடி எத்தனை கண்ணாடியை மாற்றி மாற்றி மாட்டினாலும் நிலவு ஒன்றாகுமோ? மூக்குக் கண்ணாடி தோற்பது இங்கேதான்.

ஏன் வருகிறது? பிறப்பு வழியும் உண்டு; ஒவ்வாமையால் அரித்து, ஓயாமல் கண்ணைக் கசக்கும் பழக்கமும் உண்டு. நெருங்கிய உறவிலே மணந்துகொண்ட பெற்றோரின் பிள்ளைகளிடம் இது மிகுதி என்று கூறும் ஆய்வுகளும் உள. தாய்மாமன் உரிமை, அத்தை மகன் முறை என்று பந்தலிலே முழங்குவோர் காதிலே இதையும் போட்டு வை.

எங்கோ ஒருவருக்கு வரும் நோய்தானே என்று எண்ணிவிடாதே. அமெரிக்க நாட்டு மினசோட்டாவில் 1986இல் வெளிவந்த கணக்கு, இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 54 பேர் என்றது. நாகபுரிக்கு அருகே சிற்றூர்களில், முப்பது வயதைக் கடந்தவர்களிடம் எடுத்து 2009இல் வெளியிட்ட கணக்கோ, நூற்றுக்கு 2.3 என்றது. இரண்டுக்கும் அளவுகோல் வேறு என்று அறிஞர்கள் வாதிடுகிறார்கள், வாதிடட்டும். அளவுகோலின் வேற்றுமையை எவ்வளவு கழித்தாலும், நம் நாட்டில் இது அரிய நோயல்ல என்பது மிஞ்சும்.

விழிப்படலம் கோணிப்போக இந்நோய் ஒன்றுதான் வழி என்றும் எண்ணாதே. கரும்புக் காட்டிலே சோகை உரிப்பவளைக் கேள். வாள்போன்ற அந்தத் தோகை, கண்ணிலே ஒரு கீறல் கீறும். கீறலிலே பூஞ்சை புகும், புண்ணாகும், புண் ஆறினாலும் தழும்பு நிற்கும், தழும்பு நின்ற படலம் மேடும் பள்ளமுமாகும். 1994இல் மதுரையிலே மூன்று திங்களில் விழிப்படலப் புண்ணோடு வந்த 434 பேரை ஆராய்ந்தார்கள். மூவரில் இருவருக்கு முதலில் நேர்ந்தது கண்ணில் அடி அல்லது கீறல். அப்படிக் கீறல் பட்டவருக்கு ஊரில் என்ன மருத்துவம்? தாய்ப்பால் விடு, பூச்சாறு பிழி, நாக்கால் தூசு எடுக்கும் கிழவியிடம் போ! ஒரு நாளில் தீரவேண்டியதை ஒரு பிறவிக்கு நீட்டிக்கொள்ளும் கலை நமக்குக் கைவந்த கலையாயிற்றே.

சரி, மருந்து உண்டா?

உண்டு. கல்லுக்குத் தன் கண்ணை எடுத்து அப்பியவரின் கதையைக் காலமெல்லாம் கேட்டோம். நோயாளியின் கண்ணுக்காகத் தன் கண்ணிலே கண்ணாடியை அப்பிக்கொண்ட மருத்துவரின் கதையை யார் நமக்குச் சொன்னார்கள்? சூரிச் நகரில் பணியாற்றிய அடோல்ஃப் ஃபிக் என்பார், 1888இல் வெளியிட்ட கட்டுரையில் அதை எழுதி வைத்தார். மெல்லிய கண்ணாடிச் சிமிழை முதலில் முயலின் கண்ணில் வைத்தார். பிறகு தம் கண்ணில் வைத்தார். அதன் பிறகே பிறர் கண்ணில் வைத்தார். விழிவில்லை, நீயும் நானும் காண்டாக்ட் லென்ஸ் என்று சொல்லும் அந்தப் பொருள், திரைப்பட நடிகையின் கண்ணுக்கு நீலம் பூசப் பிறந்ததன்று! கோணிய விழிப்படலத்தோடு துன்புற்றவர்களும் அதன் தொடக்க நாளிலேயே அவர் கருத்தில் இருந்தார்கள். ஃபிக்கின் கண்ணாடியை இரண்டு மணி நேரத்துக்குமேல் தாங்க இயலவில்லை. 1948இல் கெவின் டூஹி என்னும் அமெரிக்கர் பிளாஸ்டிக்கில் சிறு வில்லை செய்தார். இன்றோ, உயிர்வளியை ஊடுருவ விடும் உறுதியான பொருளில் செய்கிறார்கள்.

அவற்றுள் ஒருவகை ஸ்கிளீரல் லென்ஸ். நம் தோழனுக்கு வாய்த்தது அதுதான். அவனோடு சென்னைக்குப் போய் மருத்துவமனை இருக்கையில் உட்கார்ந்து பார்த்தவன் என்பதால் விரித்துச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

முதலில் ஒரு கருவி, வட்டத்துக்குள் வட்டமாக ஒளி வளையங்களைக் கண்ணின்மேல் வீசுகிறது. நல்ல விழியில் அவை கோலப்புள்ளி சுற்றிய வட்டம்போல் ஒழுங்காக விழும். இவன் விழியில் நசுங்கின. நம் கல்வராயன் மலையை வரைபடத்தில் காட்டுவதுபோல், மேடு சிவப்பாகவும் சரிவு பச்சையாகவும் நீலமாகவும் கணினித் திரையில் அவன் விழி எழுந்தது. அதைப் பார்த்து ஒரு வில்லையைத் தேர்ந்தார், ஆப்டோமெட்ரிஸ்ட் எனப்படும் கண் பரிசோதகப் பெண். கண்ணின் வெள்ளைப் பகுதியில் கால் ஊன்றி, கூம்பைத் தொடாமல் அதன்மேல் பாலம்போல் வளைந்து நிற்கவேண்டும் அந்த வில்லை. கிண்ணம்போன்ற அதனுள் தூய உப்புநீரை நிரப்பி, அவனைத் தரை பார்த்துக் குனியச் சொல்லி, கீழிருந்து மேலாகப் பொருத்தினார். மேட்டுக்கும் பள்ளத்துக்கும் மேலே நீர் நிரம்பி நின்றது. ஒளிக்கு இனி வழுவழுப்பான புதிய வாயில்! அலையெழுந்த குளத்தின்மேல் அசையாத நீரை ஊற்றியதுபோல.

அத்தோடு முடிந்ததா? இல்லை. பச்சைச் சாயமிட்டு நீல ஒளியில் பார்த்தார். கூம்பின் முனை வில்லையில் முட்டுகிறது என்றார், கழற்றினார். வேறொன்று. அது வெள்ளை விழியின் குருதி நாளத்தை அழுத்துகிறது, கழற்றினார். மூன்றாவதை வைத்து, அது படிந்து அமரட்டும் என்று அரைமணிக்குமேல் உட்கார வைத்தார். மயிரிழை அளவான இடைவெளிக்காக அத்தனை பாடு! அதன்பிறகே அவனுக்கென்று வில்லை செய்ய எழுதியனுப்பினார்கள். பிறகு மீண்டும் வரவேண்டும், மீண்டும் பார்க்கவேண்டும், திருத்தவேண்டும். தையற்காரர் ஒரே அளவில் ஊருக்கெல்லாம் சட்டை தைக்க முடியாது; இந்த வில்லையோ, ஒரே ஆளின் வலக்கண்ணுக்குச் செய்ததை இடக்கண்ணுக்குப் போட முடியாது.

மூன்றாவது வில்லை அமர்ந்தபோது அவன் பேசவே இல்லை. மாடத்தில் எரிந்த விளக்கை நெடுநேரம் பார்த்தான். "ஒன்றுதான் அண்ணே" என்றான்.

இனி நான் கேட்கவந்த கேள்விக்கு வருகிறேன். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தை எடுத்துப் பார். பார்வையிழந்தவர் யார் என்பதற்கு அது வகுத்த இலக்கணம், இயன்ற சிறந்த திருத்தத்துக்குப் பிறகும் நல்ல கண்ணில் எவ்வளவு தெரிகிறது என்பதையே அளக்கிறது. இலக்கணத்தில் பிழையில்லை. ஆனால் சிறப்பு வில்லை போட்டால் பார்க்கக்கூடியவன், வில்லை வாங்க வழியில்லாதவன், அவன் யார்? சட்டத்தின் ஏட்டிலே அவன் பார்வையுள்ளவன். ஆகவே சலுகை இல்லை. கரும்புக் காட்டிலே அவன் குருடன்; ஆகவே கூலி இல்லை. தோழா, மருத்துவம் எட்டாத தூரத்தில் இருப்பவனை, மருத்துவம் இருக்கிறது என்று காட்டித் தள்ளி வைப்பது எந்த நீதி?

தூரம் என்றேனே, அதையும் கணக்கிடு. மூங்கில்துறைப்பட்டிலிருந்து சென்னை இருநூறு கிலோமீட்டருக்கு மேல். ஐந்து முறை போய்வந்தோம். ஐந்து நாள் கூலி போயிற்று. அவனுக்கு மட்டுமல்ல, துணைக்கு வந்த தகப்பனுக்கும். கல்வராயன் மலையின் உச்சியிலிருந்து ஒருவன் கிளம்பவேண்டுமானால்? அந்த மலையை 1976 வரை ஜாகீர்தார்கள் ஆண்டார்கள். அதே 1976இல்தான் பார்வையிழப்புத் தடுப்புக்கு நாடு தழுவிய திட்டம் பிறந்தது. அதே ஆண்டில்தான் மதுரையிலே டாக்டர் கோ. வெங்கடசாமி பதினொரு படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். ஜாகீர் ஒழிந்தது. கண்புரைக்கு ஊரூராக முகாம் வந்தது. கூம்பு விழிக்காரன் மட்டும் இன்னும் பேருந்து நிலையத்தில் நிற்கிறான், பலகையில் எழுதிய ஊர்ப்பெயரைப் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுக்கொண்டு!

"கண்புரையால் தவிக்கும் முதியோர் ஏராளம், முதலில் அவர்களைப் பார்ப்போம்" என்பார் உண்டு. பார்ப்போம்; யார் வேண்டாம் என்றது? கண்புரை பெரிதும் அறுபதில் வருவது. இது பதினாறிலும் இருபதிலும் வருவது. உழைக்கவேண்டிய நாற்பதாண்டுகள் அவன்முன் கிடக்கின்றன.

"மாற்று விழிப்படலம் பொருத்தலாமே" என்பார் உண்டு. பொருத்தலாம், முற்றிய நோய்க்கு அது வேண்டியதுதான். அத்துறையில் தமிழகம் முன்னோடியுங்கூட. 1819இல் தோன்றிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில்தான் டாக்டர் முத்தையா 1945இல் இந்தியாவின் முதல் கண் வங்கியை நிறுவினார்; 1948இல் விழிப்படல மாற்று அறுவையும் செய்து காட்டினார். ஆனால் தையல் போட்ட படலமும் பலருக்குக் கோணியே நிற்கும். அங்கேயும் இதே வில்லைதான் கைகொடுக்க வேண்டும். எல்லாப் பார்வையிழப்புக்கும் இது மருந்து என்று நான் சொல்லவில்லை. 2024 ஜூன் திங்களில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்துக் கள்ளச்சாராயத்தில் கலந்திருந்த மெத்தனால், உயிரோடு பார்வை நரம்பையும் கொல்லும் நஞ்சு. நரம்பு பட்டுப்போனால் வில்லை என்ன செய்யும்? அந்தக் கொடுமை வேறு. அதற்குத் தனிக் கட்டுரை வேண்டும்.

"விலை அதிகம்" என்பார் உண்டு. கண்புரைக்கு உள்ளே வைக்கும் வில்லைக்கும் ஒருநாள் இதையே சொன்னார்கள். வெளிநாட்டிலிருந்து வந்தபோது அது ஏழைக்கு எட்டாத கனி. 1992இல் மதுரை ஆரோலேப் அதை இங்கேயே செய்யத் தொடங்கியது. விலை மளமளவென்று இறங்கியது. மதுரை வில்லை கடல்கடந்து பல நாடுகளுக்குப் போயிற்று. உள்விழிக்கு முடிந்தது வெளிவிழிக்கு முடியாதா?

வில்லை மட்டும் மலிந்தால் போதாது. பொருத்தத் தெரிந்த கை வேண்டும். 1985இலேயே சென்னையில் எலைட் கல்லூரி இத்துறைக்குப் பட்டப்படிப்பைத் தொடங்கிவிட்டது. கள்ளக்குறிச்சி 2019இல் தனி மாவட்டமாயிற்று. 2022இல் அரசு மருத்துவக் கல்லூரியும் திறந்தாயிற்று. அந்தக் கல்லூரி மருத்துவமனையிலே விழியின் மேடுபள்ளம் காட்டும் கருவியும், பொருத்திப் பார்க்கும் வில்லைப் பெட்டியும், பயின்ற கண் பரிசோதகரும் ஓர் அறையில் ஒருங்கே இருக்கவேண்டும் என்று கேட்கிறேன். வில்லைக்கும், ஓரிரு ஆண்டுகளில் அதை மாற்றுவதற்கும், நாள்தோறும் வேண்டிய தூய உப்புநீருக்கும் அரசு பொறுப்பேற்க வேண்டும் என்று கேட்கிறேன். குழாய்நீரில் கழுவினால் கிருமி புகுந்து விழியையே தின்றுவிடும். உப்புநீர் வாங்கப் பணமில்லாதவனுக்கு வில்லையை மட்டும் கொடுப்பது உதவி ஆகாது.

உனக்கும் வேலை இருக்கிறது, கிளைச் செயலாளரே! பள்ளியிலே ஆண்டுக்கு ஒருமுறை கண்ணாடி எண் மாறும் பிள்ளை யார்? கண்ணைக் கசக்கிக்கொண்டே இருப்பவன் யார்? விளக்குக்கு வால் முளைத்திருக்கிறது என்பவள் யார்? பெயரெழுது. அழைத்துப் போ. தொடக்கத்திலேயே கண்டால், ரிபோஃப்ளேவின் சொட்டு விட்டுப் புற ஊதாக்கதிர் காட்டிப் படலத்தை இறுக்கி, மேலும் பிதுங்காமல் நிறுத்தும் முறை இருக்கிறது. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்தார் 2003இல் அதன் பயனை உலகுக்கு அறிவித்தார்கள். தள்ளிப்போட்டால் அந்த வாய்ப்பும் தவறும்.

நம் தோழனுக்கு வில்லை எப்படிக் கிடைத்தது என்று கேட்கமாட்டாயா? உண்டியல் குலுக்கினோம். ஆலைத் தொழிலாளர்கள் போட்டார்கள். கரும்பு வெட்டுவோர் போட்டார்கள். என் நாடகம் ஒன்றின் வசூலும் விழுந்தது. எல்லாம் சேர்ந்து ஒரு கண்ணுக்கு ஆயிற்று. வலக்கண்.

சென்ற வாரம் அந்தச் சுவருக்கு மீண்டும் சுண்ணாம்படித்தார்கள். நூல் பிடித்தான், கோடடித்தான், ழகரத்தின் வால் அதன் இடத்திலேயே நின்றது. எழுதும்போது இடக்கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தான்.