ஏலத்தில் போன சின்னப்பம்பட்டிக்காரர்

2024 நவம்பர் கடைசி வாரம். சுங்குவார்சத்திரத்தில் ஒரு டீக்கடை. நைட் ஷிப்ட் முடித்துக் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கிய தொழிலாளிகள் கூட்டம். காண்ட்ராக்டில் வேலை செய்யும் சேலத்துப் பையன் ஒருவன் கைபேசியை நீட்டினான். "அண்ணே, எங்க ஊரு நடராஜனை டில்லி டீம் பத்தே முக்கால் கோடிக்கு எடுத்துட்டாங்க!" முகமெல்லாம் பூரிப்பு.

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த சூப்பர்வைசர் ஒருவர் சும்மா இருப்பாரா? "பாத்தியா தம்பி! அவரு என்ன சங்கம் வச்சா மேலே வந்தாரு? பந்தல் போட்டா உட்கார்ந்தாரு? திறமை இருந்துச்சு, வந்தாரு!"

இந்தக் குத்தல் யாருக்கு என்று எல்லோருக்கும் தெரியும். இதே ஊர் சாம்சங் ஆலைத் தொழிலாளிகள் செப்டம்பர் 9-ல் தொடங்கி 37 நாள் வேலைநிறுத்தம் செய்து, அக்டோபர் நடுவில்தான் உள்ளே போயிருந்தார்கள். அவர்கள் கேட்டதில் முதன்மையானது, எங்கள் சங்கத்தை அங்கீகரி என்பது. பந்தல் பிரிக்கப்பட்டது, கைது நடந்தது, ஆனால் உறுதி குலையவில்லை.

சரி, சூப்பர்வைசர் ஐயா எடுத்த கதையையே எடுத்துக்கொள்வோம். நடராஜன் எப்படி வந்தார்?

சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி. தந்தை விசைத்தறியில் கூலி வேலை. தாய் சாலையோரத்தில் கோழிக்கறிக் கடை. ஐந்து பிள்ளைகளில் மூத்தவர். இருபது வயது வரை கையில் கிடைத்தது டென்னிஸ் பந்துதான். தோல் பந்து வாங்கக் காசு ஏது? ஜெயப்பிரகாஷ் என்ற உள்ளூர் அண்ணன் அவரைச் சென்னைக்கு அழைத்து வந்து லீக் ஆட்டத்தில் சேர்த்துவிட்டார். அந்த நன்றிக்காகத்தான் "ஜே.பி. நட்டு" என்று சட்டையில் போட்டுக்கொண்டார் நடராஜன். 2015 ஜனவரியில் ரஞ்சி ஆட்டம். உடனே பந்து எறியும் முறை சரியில்லை என்று புகார்! கையைத் திருத்திக்கொண்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். திறமை இல்லை என்று யார் சொன்னது? உழைப்பு இல்லை என்று யார் சொன்னது?

ஆனால் அந்தத் திறமைக்குச் சந்தை போட்ட விலையைப் பாருங்கள். 2017 ஏலத்தில் பஞ்சாப் அணி 3 கோடி. மறு வருடம் ஐதராபாத் அணி 40 லட்சம். ஒரே வருடத்தில் கூலி ஏழில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. ஆள் அதே ஆள், கை அதே கை. அப்புறம் 2018, 2019 இரண்டு சீசனும் ஒரு ஆட்டம்கூடக் கொடுக்காமல் உட்கார வைத்தார்கள். நம் பேட்டையில் காண்ட்ராக்ட் தொழிலாளிக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

2020-ல் வாய்ப்பு வந்தது. யார்க்கராகப் போட்டுத் தள்ளினார். வலையில் பந்து போட ஆஸ்திரேலியாவுக்குப் போனவர், மற்றவர்கள் அடிபட்டு விழுந்ததால் மைதானத்தில் இறங்கினார். டிசம்பர் 2-ல் ஒருநாள் ஆட்டம், 4-ல் டி-20, 2021 ஜனவரி 15-ல் பிரிஸ்பேனில் டெஸ்ட். ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமான முதல் இந்தியர். பிறந்த குழந்தையின் முகத்தைக்கூடப் பார்க்காமல் போனவர். ஊர் அவரை ரதத்தில் வைத்து இழுத்தது.

மூன்று மாதம் கழித்து ஏப்ரலில் கிரிக்கெட் வாரியம் ஆண்டு ஒப்பந்தப் பட்டியலை வெளியிட்டது. அதில் அவர் பெயர் இல்லை! ஆட்டக் கணக்குத் தேறவில்லையாம். 480 நாள் கணக்குத் தேறாமல் நிரந்தரமாகாத நம் தோழர்கள் சிரித்துக்கொள்ளலாம். அதே மாதம் முழங்காலில் அறுவைச் சிகிச்சை. வாரியம் கவனித்தது, அவரும் நன்றி சொன்னார், அதை மறைக்கவில்லை. ஆனால் அடுத்த நான்கு வருடம் இந்திய அணியில் ஆடவில்லை. பத்தே முக்கால் கோடி கொடுத்த டில்லியும் 2025 சீசனில் பெரும்பாலும் பெஞ்சில்தான் வைத்தது.

பத்தே முக்கால் கோடி பெரிய பணம்தான். யாருடைய பணம்? 2023 முதல் 2027 வரை ஐந்து வருட ஐ.பி.எல். ஒளிபரப்பு உரிமை மட்டும் 48,390 கோடிக்கு விற்றது. வருடத்துக்கு 9,600 கோடிக்கு மேல். 2025-க்கு ஆட்டக்காரர்களை எடுக்க ஓர் அணிக்கு உச்சவரம்பு 120 கோடி. பத்து அணிக்கு 1,200 கோடி. மேட்ச் ஃபீ, இதர படி எல்லாம் சேர்த்தாலும் ஒளிபரப்பு வரவில் ஆறில் ஒரு பங்கு எட்டாது. டிக்கெட், விளம்பரப் பணம் தனி. இந்த வரம்பைத் தீர்மானித்தபோது மேஜைக்கு எதிர்ப்பக்கம் ஆட்டக்காரர் சங்கம் உட்கார்ந்ததா? அப்படி ஒன்று இருந்தால்தானே! 2019-ல் தொடங்கிய கிரிக்கெட்டர் சங்கம் ஓய்வு பெற்றவர்களுக்கு மட்டும்.

விளையாட்டுக்காரனுக்கு எதற்குச் சங்கம் என்பவர்கள் அமெரிக்காவைப் பார்க்கட்டும். அங்கே கிரிக்கெட் மாதிரி பேஸ்பால். மினி மின்யோசோ என்பவர் கியூபாவில் மட்டான்சாஸ் மாகாணத்துக் கரும்புத் தோட்டக் கூலி வீட்டுப் பிள்ளை, கறுப்பர். மைதானத்தின் கோடியில் நின்று பந்து பிடிப்பதிலும் அடிப்பதிலும் சூரர். 1951-ல் கிளீவ்லாந்து முதலாளி அவரைச் சிகாகோவுக்குத் தள்ளினார். பிறகு கிளீவ்லாந்து, மறுபடி சிகாகோ, 1962-ல் செயின்ட் லூயிஸ், 1963-ல் வாஷிங்டன். உனக்குச் சம்மதமா என்று அவரைக் கேட்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. செத்து ஏழு வருடம் கழித்து, 2022-ல்தான் புகழ்க் கூடத்தில் சேர்த்தார்கள்.

அந்த 1962-ல் செயின்ட் லூயிஸில் அவரோடு ஆடிய இன்னொரு கறுப்பர் கர்ட் ஃபிளட். 1969-ல் அவரையும் வேறு ஊருக்கு மாற்றினார்கள். போக மாட்டேன், நான் விற்பனைப் பொருள் இல்லை என்று கோர்ட்டுக்குப் போனார். வருடம் 90,000 டாலர் வாங்குகிறவனுக்கு என்ன குறை என்று கேட்டார்கள். 1972-ல் வழக்குத் தோற்றது. அவருடைய ஆட்டம் அதற்கு முன்பே முடிந்துவிட்டது. ஆனால் சங்கம் நின்றது. அதற்குத் தலைமை தாங்கியவர் மார்வின் மில்லர். எஃகுத் தொழிலாளர் சங்கத்திலிருந்து 1966-ல் வந்தவர். 1968-லேயே முதல் ஒப்பந்தம் போட்டு, குறைந்தபட்சச் சம்பளத்தை 6,000 டாலரிலிருந்து 10,000 ஆக்கியவர். 1975 டிசம்பரில் நடுவர் தீர்ப்பு வந்து, ஆட்டக்காரனைக் காலமெல்லாம் கட்டிப்போடும் விதி ஒழிந்தது.

நடராஜன் 2023-ல் சின்னப்பம்பட்டியில் சொந்தப் பணத்தில் ஒரு மைதானம் திறந்தார். நல்ல காரியம், பாராட்டுகிறோம். அங்கே இன்று பந்து போடும் பிள்ளைகள் எத்தனை பேர் ஏலத்துக்குப் போவார்கள்? மற்றவர்கள் விசைத்தறிக்கும், சுங்குவார்சத்திரத்துக்கும், ஒரகடத்துக்கும்தான் வரவேண்டும்.

2025 ஜனவரியில் சாம்சங் தொழிலாளிகளின் சங்கம் பதிவானது. அதன் பிறகு ஒரு நாள் அதே சேலத்துப் பையனை அதே டீக்கடையில் பார்த்தேன். கிரிக்கெட் பேச்சு வரவில்லை. "அண்ணே, காண்ட்ராக்ட் ஆளுங்களும் சங்கத்துல சேரலாமா?" என்று கேட்டான். சட்டம் தடுக்கவில்லை தம்பி என்றேன். தன்னோடு ரூமில் இன்னும் ஐந்து பேர் இருப்பதாகச் சொன்னான்.