ஐஸ் பேக்குக்குள் ஒரு உப்பு

போன சனிக்கிழமை சாக்கர் ப்ராக்டிஸ்ல மகளுக்கு முட்டியில அடி. கோச் ஒரு பையை எடுத்து ஓங்கிக் குத்தினார். உடனே ஜில்லுன்னு ஆயிடுச்சு. "ஃப்ரீசரே இல்லாம எப்படிப்பா?"ன்னு கேட்டாள். வலி மறந்து போச்சு, கேள்வி மட்டும் நின்னுது.

பைக்குள்ளே தண்ணீர் ஒரு பக்கம், உப்பு ஒரு பக்கம். இரண்டும் கலந்தால் உப்பு கரைவதற்கு வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். சில பைகளில் அந்த உப்பு அம்மோனியம் நைட்ரேட். நைட்ரிக் அமிலத்தில் அம்மோனியாவைச் சேர்த்து, நீரை ஆவியாக்கி, வெள்ளை மணிகளாக எடுப்பார்கள். நம்ம ஊர் வயலுக்கும் அது நல்ல உரம்தான்.

ஆனால் அதுக்கு இன்னொரு முகம் உண்டு. சுகர் லேண்டிலிருந்து காரில் ஒரு மணி நேரத்தில் டெக்சாஸ் சிட்டி. 1947 ஏப்ரல் 16 காலை, அங்கே துறைமுகத்தில் நின்ற கிராண்ட்கேம்ப் கப்பலில் தீ. உள்ளே காகிதப் பைகளில் சுமார் 2,300 டன் அம்மோனியம் நைட்ரேட். போரில் நொந்திருந்த ஐரோப்பாவுக்குப் போக வேண்டிய உரம். கட்டி தட்டாமல் இருக்க மணிகளுக்கு மெழுகுப் பூச்சு வேறு. சரக்கு நனைந்துவிடக் கூடாதென்று தண்ணீர் அடிக்காமல், கதவுகளை மூடி நீராவி செலுத்தினார்கள்.

காற்று இல்லாவிட்டால் தீ அணையும் என்பது விறகுக்குச் சரி. இந்த உப்போ தனக்கு வேண்டிய ஆக்ஸிஜனைத் தானே சுமந்துகொண்டு வருவது. அடைத்து வைத்தால் சூடும் அழுத்தமும் ஏறும், அவ்வளவுதான். ஆரஞ்சு நிறப் புகையைப் பார்க்கக் கரையில் கூட்டம் கூடியது, பிள்ளைகளும்கூட. 9:12க்குக் கப்பல் வெடித்தது. மறுநாள் அதிகாலை பக்கத்தில் நின்ற ஹை ஃபிளையர் கப்பலும். குறைந்தது 581 பேர் இறந்தார்கள். தீயணைக்கப் போன ஊர்த் தன்னார்வலர்கள் 27 பேர் திரும்பவே இல்லை. ஒன்றரை மைலுக்கு மேல் பறந்துபோய் விழுந்த நங்கூரம் இன்றும் நினைவுப் பூங்காவில் இருக்கு.

2020 ஆகஸ்டில் பெய்ரூட் வெடித்த வீடியோ வந்த வாரம், திருவொற்றியூரிலிருந்து மாமா போன் பண்ணினார். மணலியில் கன்டெய்னர் கிடங்கில் சுமார் 700 டன் அதே சரக்கு! சுங்கத்துறை 2015ல் பறிமுதல் செய்து, ஐந்து வருஷமா அங்கேயே கிடந்திருக்கு. "தினம் அந்த வழியாத்தான்டா பேரனை ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போனேன்"னார். பெய்ரூட்டுக்கு அப்புறம் அதே மாதம் ஏலம் எடுத்தவர் ஹைதராபாத்துக்குக் கொண்டுபோனார். ஐந்து வருஷமா நகராத கோப்பு, சில நாளில் நகர்ந்துடுச்சு!

ராத்திரி எங்க வீட்டு மருந்து டப்பாவில் இருந்த பையைத் திருப்பிப் பார்த்தேன். யூரியான்னு போட்டிருந்தது. அதுவும் கரைந்தால் குளிரும், ஆனால் ஆக்ஸிஜன் தராது. மகள் அதை முட்டியில வச்சுக்கிட்டே அடுத்த கேள்வி கேட்டாள்: "அப்போ நங்கூரத்தைப் பார்க்க எப்போ போறோம்?"