காமிராவும் தோட்பையும்

பொருள்களைப் பெரியன, சிறியன என இரு கூறாக வகுத்துக்கொண்டு, பெரியனவற்றிற்கே நம் ஆராய்ச்சி முழுவதையும் உரிமையாக்குதல் நம்மனோர் வழக்கம். காமிரா வாங்கப் புகும் மாணவர் அதன் லென்ஸைக் குறித்துப் பத்துப் பேரை வினவுவர், பல கடைகளில் விலை கேட்டு ஒப்புநோக்குவர், இரவெல்லாம் எண்ணமிடுவர். அதனைச் சுமக்கும் பையையோ, கடைக்காரர் எடுத்து நீட்டியதே போதுமென வாங்கிக்கொண்டு மீள்வர். யாமும் அவ்வாறே இருந்தோம். அது பிழையென்பதை ஆரணியில் ஒரு நெசவாளர் இல்லத்தில் உணர்ந்தோம். தமிழ் பயில்வார்க்குப் பையைக் குறித்து எழுத யாது உரிமை என நகைக்கும் நண்பர்கள், இக்கட்டுரையை இறுதிவரை படித்தபின் நகைப்பாராக.

காமிராவின் சுமை முதலில் மனிதன் தோளில் ஏறியதன்று. 1858-ஆம் ஆண்டில் மதுரை, தஞ்சை, திருச்சிராப்பள்ளி முதலிய ஊர்களின் கோயில்களைப் படம்பிடித்த லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலப் படைத்தலைவர், தம் பெருங்கருவிகளையும் மெழுகிட்ட தாள்களையும் இரசாயனப் பொருள்களையும் மாட்டுவண்டிகளில் ஏற்றிச் சென்றார். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மைந்தர் மா. கிருஷ்ணன் (1912 - 1996) காட்டுயிர்களைப் படம்பிடிப்பதிற் புகழ்பெற்றவர். அவர் பல கருவிகளின் உறுப்புக்களைத் தாமே இணைத்து ஒரு காமிரா அமைத்து, அதற்குச் 'சூப்பர் பாண்டெரோசா' எனப் பெயரிட்டார். அப்பெயரைச் சொல்லும்போதே அதன் கனம் நாவில் தட்டும். வண்டிச் சுமையாயிருந்தது இங்ஙனம் ஆட்சுமையாகி, இன்று ஒரு தோளில் தொங்கும் அளவிற்குச் சுருங்கிவிட்டது. சுருங்கியதே நம்மை ஏமாற்றுகிறது. வண்டியில் ஏற்றியவர் எடையை எண்ணினார். தோளில் மாட்டுபவர் எண்ணுவதில்லை. மயிலிறகே ஆயினும் அளவின்றி ஏற்றினால் வண்டியின் அச்சு தாங்காதென்பதை வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் வைத்ததன் பொருத்தத்தை, இரண்டு லென்ஸ்களும் ஒரு காமிராவும் சுமந்து ஒரு பகல் நடந்தார் நன்கு அறிவர்.

எம் ஊர் செய்யாறு. சென்ற விடுமுறையில், நெசவுத் தொழிற்சொற்களைத் தொகுத்து, ஒவ்வொரு சொல்லுக்கும் அதற்குரிய பொருளின் படத்தையும் சேர்க்கக் கருதி, ஆரணிக்குப் பன்முறை சென்றுவந்தோம். பாவு, ஊடை, நாடா, தார், விழுது, அச்சு, மிதி ஆகிய சொற்களை அகராதியிற் காண்பது ஒன்று. அவை இயங்கக் காண்பது வேறொன்று. காமிரா ஒரு நண்பருடையது, பையும் அவருடையதே. அகன்ற பெட்டி போன்ற அப்பை, இன்னும் இரண்டு லென்ஸ்களை உள்ளடக்கும் இடமுடையது. இடம் இருத்தலின் யாமும் நிரப்பினோம். குறிப்பேடு, தண்ணீர்ப் புட்டி, குடை, நண்பகல் உணவு யாவும் அதனுள் அடங்கின.

பேருந்தில் நின்றவாறே ஆரணி சேர்வதற்குள் வலத்தோள் கன்றிவிட்டது. அது பெரிதன்று. நெசவாளர் இல்லத்தின் முன்னறை முழுவதையும் குழித்தறியே நிறைத்திருந்தது. மேலே ஜக்கார்டுப் பொறி. எதிரே சுவர்வரை இழுத்துக் கட்டிய பட்டுப் பாவு. அதற்கும் பக்கச் சுவருக்கும் இடையே ஒருவர் ஒருக்களித்துச் செல்லும் வழி. யாம் அவ்வழியே சென்று, அச்சினைப் படம்பிடிக்கக் குனிந்தோம். முதுகிற் கிடந்த பை தன் கனத்தால் சரிந்து முன்வந்து பாவின்மேல் விழுந்தது. அதன் கொளுவி இழைகளிற் சிக்கியது. பதறி எழுந்தோம், எழுந்ததே கேடாயிற்று. ஒரு பிடி இழைகள் அறுந்தன.

நெசவாளர் எம்மைக் கடிந்திலர். "தம்பி, அசையாமல் நில்" என்று மட்டும் சொல்லி, எழுந்து வந்து கொளுவியை விடுவித்தார். பின்பு அறுந்த இழைகளை ஒவ்வொன்றாகத் தேடியெடுத்து, விழுதின் கண்ணிலும் அச்சின் பல்லிலும் செலுத்திப் பிணைக்கத் தொடங்கினார். அவர் மனைவியார் விளக்கை அண்மையிற் பிடித்தார். நண்பகல் கடந்தும் அவ்வேலை முடியவில்லை. சேலைக்கு இவ்வளவெனக் கூலி பெறுபவர்க்கு, நெய்யாது கழிந்த பொழுது கூலியற்ற பொழுதே. யாம் கொடுக்க முனைந்த பணத்தையும் அவர் கொள்ளவில்லை. அவர் குனிந்து இழை பிணைப்பதை ஒரு படம் எடுத்தோம். யாம் எடுத்தவற்றுள் அதுவே சிறந்த படம் என்றனர் நண்பர். அதனை இன்னும் எங்கும் காட்சிக்கு வைக்க எமக்கு மனம் வரவில்லை.

இந்நிகழ்ச்சிக்குப் பின்னரே பையைக் குறித்து எண்ணத் தொடங்கினோம். எம் துணிபு இது: பையைத் தேர்வு செய்யுங்கால் காமிராவை மட்டும் அளந்தாற் போதாது, சுமக்கும் உடலையும், புகும் இடத்தையும் அளத்தல் வேண்டும்.

முதலில் உடலை நோக்குவோம். ஒரு தோளில் நெடும்பொழுது சுமப்பதற்கு 3 கிலோவே மேல் எல்லை என்பது எம் அநுபவம். அதற்கு மேற்படின் இருதோளிலும் மாட்டும் முதுகுப்பையே தக்கது. வார் அகன்றிருத்தல் வேண்டும். அதே எடையை 2 செ.மீ. வாரில் தொங்கவிடுவதற்கு மாறாக 5 செ.மீ. வாரில் தொங்கவிட்டால், தோளில் விழும் அழுத்தம் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்காகக் குறையும். வாரை ஒரு தோளில் மட்டும் மாட்டாது, மார்பின் குறுக்கே மறுபக்க இடுப்பிற்கு வருமாறு அணிதல் நலம். வார் நழுவாதிருக்கத் தோளை உயர்த்திப் பிடிக்கும் வருத்தம் அதனால் ஒழியும். பை உடலோடு ஒட்டிக் கிடத்தல் வேண்டும். உடலை விட்டு விலகுந்தோறும் அதே கனம் முதுகை மிகுதியாய் வளைக்கும். ஆதலின் ஆழ்ந்து பருத்த பையினும் தட்டையான பை சிறந்தது. இவையனைத்தையும் கடையிலேயே அறியலாம். வெறும் பையை மாட்டிப் பார்த்தல் பயனற்றது. நம் கருவிகளை உள்ளிட்டு, கால்மணி நேரமாவது நடந்தும் குனிந்தும் பார்த்தல் வேண்டும்.

துணியைக் குறித்தும் ஒரு சொல். தோற்பை கண்ணுக்கினியது, ஆயின் தானே கனமுடையது, மழைக்காலத்திற் பூசணம் பிடிப்பது. கான்வாஸும் நைலானும் நம் நாட்டிற்கு ஏற்றவை. நைலான் நீரைத் தடுப்பினும் ஜிப்பின் வழியே நீர் புகும்; ஆதலின் மேலே கவியும் மடல் வேண்டும். கருநிறப் பை எம் பக்கத்து வெயிலை உண்டு உள்ளிருப்பதைச் சுடவைக்கும், வெளிர்நிறம் நன்று. வீடு சேர்ந்தபின் காமிராவைப் பையிலேயே அடைத்து வைத்தல் ஆகாது. ஈரம் தங்கின் லென்ஸிலும் பூசணம் படரும்.

இனி, இடத்தை நோக்குவோம். இதனைக் கடைக்காரரும் விளம்பரங்களும் கூறுவதில்லை. படம்பிடிப்பவர் பெரும்பாலும் பிறர் இடத்திற் புகுபவர். மணப்பந்தல், வழிபாட்டுக் கூடம், மாமண்டூர்க் குடைவரை, தறி வீடு ஆகிய இவற்றுள் எதுவும் நம் பைக்கென அமைந்ததன்று. ஆதலின் குனியும்போது தானே சரியாத பை வேண்டும். இடுப்போடு பிணிக்கும் சிறுவார் ஒன்று இதற்கு உதவும். கழற்றாமலே மார்பின் முன் கொணரக்கூடிய பை வேண்டும். தோட்பைக்கு முதுகுப்பையினும் உள்ள சிறப்பு இதுவே. நெரிசல்மிக்க பேருந்திலும் இடுங்கிய அறையிலும் அதனை நம் கண்முன் வைத்துக்கொள்ளலாம். வெளியே கொளுவியும் வளையமும் துருத்தி நிற்றல் கூடாது. கிழித்தாற்போல் ஓசையிடும் வெல்க்ரோ, அமைதியான அவையில் அனைவர் தலையையும் திருப்பும். அதனினும் பொத்தான் மேலானது.

"பெரிய பை இருப்பின் எதற்கும் ஆயத்தமாயிருக்கலாமே, வேண்டிய லென்ஸ் வீட்டிலிருந்தால் என் செய்வது?" என்பார் உளர். ஊதியத்திற்குத் திருமணம் படம்பிடிப்பார்க்கு அஃது உண்மையே. அவர்க்குத் துணையாளும் உண்டு. மாணவராகிய நமக்கோ, ஒரு லென்ஸோடு சென்று அதற்கேற்ற இடத்தில் நிற்கப் பழகுதல் இழப்பன்று. பெரிய பையில் வெற்றிடம் நிலைப்பதில்லை. எம் குடையும் உணவும் புகுந்தாற்போல் எதுவேனும் புகுந்தே தீரும்.

நல்ல பைக்கு மிகுபொருள் வேண்டுமென்பதும் முழுதும் உண்மையன்று. நம் நாட்டு எழுத்தாளரும் தொண்டரும் நெடுங்காலமாகத் தோளிலிட்ட ஜோல்னாப் பை, அகன்ற வாரும் தட்டையான வடிவும் உடையது. அதற்கு இல்லாதன மெத்தையும் தடுப்பும் மூடியுமே. யாம் செய்யாற்றில் ஒரு தையற்காரரிடம் தடித்த கான்வாஸில் அவ்வடிவிலேயே ஒரு பை தைப்பித்து, உள்ளே நுரைமெத்தையும் நடுவே ஒரு தடுப்பும் மேலே ஒரு மடலும் வைத்துக்கொண்டோம். ஒரு காமிரா, ஒரு லென்ஸ், ஒரு குறிப்பேடு ஆகியவற்றிற்கு மேல் அதில் இடமில்லை.

அப்பையோடு மீண்டும் ஆரணி சென்றோம். நெசவாளர் அதனை வாங்கி, வாரின் நெசவைப் பெருவிரலால் தடவி, அது பையோடு சேரும் இடத்தை இருமுறை இழுத்துப் பார்த்தார். "துணி விடாது, தையல்தான் விடும். இங்கே சதுரமாய் அடித்து, குறுக்கே இரண்டு ஓட்டு ஓட்டச் சொல்" என்றார். எம்மாற் கூலியிழந்தவர் எம் காமிரா விழுந்துவிடலாகாதே எனக் கவலுறக் கண்டு, மறுமொழி தோன்றாது நின்றோம். அன்று பையைத் திண்ணையில் வைத்து, காமிராவை மட்டும் கையிலேந்தி உள்ளே சென்றோம். அவர் சொன்னவாறே தையலும் அடிப்பித்தோம். அஃது இன்றளவும் விடவில்லை.

ஆதலின், வரும் விடுமுறையிற் காமிராவோடு புறப்படும் நண்பர்களே, பை வாங்குமுன் அதனோடு நீங்கள் புகவிருக்கும் வீட்டின் வாயிலை ஒருமுறை மனத்தில் நிறுத்திப் பாருங்கள். அவ்வாயிலில் நுழையும் அளவே உங்கள் பையின் அளவாகுக.