சங்கிலி வேண்டாம், சிகிச்சை வேண்டும்!

2001 ஆகஸ்ட் 6. ஏர்வாடியில் காப்பகக் கொட்டகை தீக்கிரையாயிற்று. மனநோயாளர் 28 பேர், பெரும்பாலோர் காலில் சங்கிலியோடு, கருகி மாண்டனர்.

சங்கிலியிடுவதைத் தடை செய்த 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம், மதுவும் போதைப்பொருளும் விளைக்கும் மனக்கேட்டையும் நோயென்றே ஏற்றது.

நோயென்று கண்டறியக் கற்றோர் வேண்டாமா? நெடுநாள் குடித்தவன் திடீரென நிறுத்தினால், ஓரிரு நாளில் உடல் நடுங்கும், வலிப்பு வரும், இல்லாத உருவம் கண்ணில் ஆடும். பேய் என்கிறது வீடு. போக்கிரி என்கிறது வீதி! உரிய மருந்து தாமதித்தால் உயிரும் போகும்.

2022இல் இராமநாதபுரத்திலே அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டதே! அம்மாவட்டத்து மருத்துவரும் செவிலியரும் அங்கே போதைநோய் தீர்க்கப் பயிற்சி பெறவேண்டும். சங்கிலியை அறுக்கச் சட்டம் வந்தது; நோயை அறுக்கக் கல்வி வரட்டும்!