பேட்டரியை மாற்றும் முன் கேபிளைத் திருப்பிப் பாருங்கள்

"சார், போன் சில நேரம் சார்ஜ் ஆகிறது, சில நேரம் ஆவதில்லை. பேட்டரி போய்விட்டது போலிருக்கிறது. புதிது எவ்வளவு ஆகும்?" என்னிடம் மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்விகளில் இதுவும் ஒன்று. கேட்பவர்கள் பலரும் நோய் என்ன என்று கேட்பதில்லை. நோயைத் தாங்களே முடிவு செய்துவிட்டு, மருந்தின் விலையை மட்டும் கேட்கிறார்கள். கடைக்காரரும் அதே விடையைச் சொன்னால் பேட்டரி மாற்றப்பட்டுவிடுகிறது. பல வேளைகளில் பிரச்னை மட்டும் அப்படியே இருக்கிறது.

என் கருத்து இதுதான். விட்டுவிட்டுச் சார்ஜ் ஆகும் போனில், பேட்டரியை நாம் கடைசியாகத்தான் சந்தேகப்பட வேண்டும். "சில நேரம்" என்று நீங்கள் சொல்லும் சொல்லிலேயே இதற்கான காரணம் இருக்கிறது. பேட்டரி முதுமை அடைவது மெல்ல மெல்ல நடப்பது. முன்பு இரவு வரை தாங்கியது மாலையிலேயே தீரும். 20 சதவீதம் காட்டும்போதே போன் அணைந்துவிடும். ஆனால் திங்கட்கிழமை நன்றாக சார்ஜ் ஆகி, செவ்வாய் மறுத்து, புதன் மீண்டும் ஏற்றுக்கொள்வது பெரும்பாலும் தேய்ந்த பேட்டரியின் குணம் அல்ல. தொடர்பு சரியாக இல்லாதது, ஈரம், வெப்பம், போனில் உள்ள ஏதேனும் ஒரு செட்டிங்ஸ் ஆகியவற்றில் ஒன்றுதான் இப்படி விளையாடும்.

எங்கள் தெருவில் தையல் வேலை செய்யும் ஓர் அம்மா இருக்கிறார். ஆர்டர் வருவது, அளவு வருவது, பணம் வருவது எல்லாம் அவருக்கு ஒரே போனில்தான். அது இரண்டு வாரம் இப்படித் தகராறு செய்தது. ஒரு கடையில் 1,500 ரூபாய் வாங்கிக்கொண்டு பேட்டரி மாற்றிக் கொடுத்தார்கள். பத்தே நாளில் மீண்டும் அதே கதை. அடுத்த முறை "போர்டு போய்விட்டது, புதுப் போன் வாங்கிவிடுங்கள்" என்றார்கள். அவர் போனைக் கொண்டுவந்தபோது, டார்ச் வெளிச்சத்தில் சார்ஜிங் துளையைப் பார்த்தேன். உள்ளே துணிப் பஞ்சு கெட்டியாக அடைந்திருந்தது. தையல் மெஷின் பக்கத்திலேயே இருக்கும் போனுக்கு வேறு என்ன வரும்? சுத்தம் செய்தவுடன் கேபிள் "டக்" என்று முழுதாக உள்ளே உட்கார்ந்தது. அதற்குப் பிறகு தொந்தரவு இல்லை. அவர் கொடுத்த 1,500 ரூபாயும், ஆர்டர் எடுக்க முடியாமல் போன நாட்களும் திரும்ப வரவில்லை.

இது போன்ற இழப்பைத் தவிர்க்க, கீழே உள்ள சோதனைகளை இதே வரிசையில் செய்து பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். சார்ஜர், கேபிள் இரண்டையும் சேர்த்து மாற்றினால், குற்றவாளி எது எனத் தெரியாமலே போய்விடும்.

1. பிளக் பாயிண்ட்: எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் தளர்ந்துபோன துளைகள் பல வீடுகளில் உண்டு. சார்ஜரை நேரடியாகச் சுவரில் உள்ள வேறு பாயிண்ட்டில் பொருத்துங்கள். அதே சார்ஜர், அதே கேபிளில் வீட்டில் உள்ள வேறொரு போனை இணைத்துப் பாருங்கள். அதுவும் தகராறு செய்தால், உங்கள் போன் பெரும்பாலும் நிரபராதி.

2. கேபிள்: வெளியே புதிதாகத் தெரிந்தாலும், பிளக்கை ஒட்டிய கழுத்துப் பகுதியில் உள்ளிருக்கும் மெல்லிய கம்பிகள் அறுந்திருக்கலாம். அந்த இடத்தை லேசாக அசைக்கும்போது சார்ஜிங் அடையாளம் வந்து வந்து போனால், கேபிளை மாற்றுங்கள். புதுக் கேபிளிலும் அப்படியே நடந்தால் சந்தேகம் துளையின் பக்கம் திரும்புகிறது.

3. துளை: போனை அணைத்துவிட்டு, டார்ச் அடித்துப் பாருங்கள். பஞ்சு, தூசு இருந்தால் பல் குத்தும் மரக்குச்சியால் மிக மெதுவாக வெளியே எடுங்கள். குண்டூசி, ஊக்கு போன்ற உலோகப் பொருட்கள் வேண்டவே வேண்டாம். வாயால் ஊதுவதும் கூடாது. நம் மூச்சில் ஈரம் இருக்கிறது.

4. கேபிளைத் திருப்புதல்: பலருக்கும் தெரியாத, காசு செலவில்லாத சோதனை இது. டைப் சி துளைக்குள் மேலே 12, கீழே 12 என 24 தொடர்பு முனைகள் உள்ளன. இவற்றில் சி.சி. எனப்படும் முனை மேல் வரிசையில் ஒன்று, கீழ் வரிசையில் ஒன்று இருக்கிறது. இருபுறமும் டைப் சி உள்ள கேபிளில், மறுமுனையில் ஒரு சாதனம் இருப்பதை இந்த முனை வழியாக அறிந்த பிறகே சார்ஜர் மின்சாரம் அனுப்பும். கேபிளை எந்தப் பக்கமாகச் செருகுகிறீர்களோ, அதற்கேற்ப இரண்டில் ஒன்றுதான் இந்த வேலையைச் செய்கிறது. எனவே ஒரு பக்கம் செருகினால் சார்ஜ் ஆகி, திருப்பிச் செருகினால் ஆகவில்லை என்றால், கோளாறு துளையிலோ கேபிளிலோதான்; பேட்டரியில் இல்லை. நாம் பார்க்காமல் செருகுவதால், இது நமக்கு "சில நேரம்" எனத் தோன்றுகிறது.

5. ஈரம்: துளையில் ஈரம் இருப்பதை உணர்ந்தால், பல போன்கள் பாதுகாப்புக்காகச் சார்ஜிங்கை நிறுத்திவிடும். அரிசியில் புதைத்து வைக்காதீர்கள். அரிசித் துகள்கள் உள்ளே போகும் என ஆப்பிள் நிறுவனமே எச்சரித்துள்ளது. ஹேர் டிரையர் சூடும் வேண்டாம். துளை கீழ்நோக்கி இருக்குமாறு பிடித்து, உள்ளங்கையில் மெதுவாகத் தட்டிவிட்டு, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். முழுதாக உலர ஒரு நாள் கூட ஆகலாம்.

6. வெப்பம்: ஐபோனை 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரை உள்ள சூழலில் பயன்படுத்தும்படி ஆப்பிள் கூறுகிறது. நம் ஊர் மே மாத வெயில் 40 டிகிரியைத் தாண்டுகிறது. பைக் ஹேண்டிலில் போனை மாட்டி, மேப்பையும் ஓடவிட்டு, பவர் பேங்க்கில் சார்ஜும் போட்டுக்கொண்டு உணவு கொண்டுவரும் இளைஞர்களின் போன் சார்ஜ் ஏற மறுப்பதில் வியப்பில்லை. பேட்டரியைக் காப்பாற்ற அது தானாகவே வேகத்தைக் குறைக்கிறது அல்லது நிறுத்துகிறது. நிழலில் சற்று ஆறவிட்டால் சரியாகிவிடும்.

7. செட்டிங்ஸ்: "80 சதவீதத்துக்கு மேல் ஏறுவதே இல்லை" என்பவர்கள், பேட்டரி செட்டிங்ஸ் பகுதியில் சார்ஜிங் வரம்பு அமைக்கப்பட்டுள்ளதா எனப் பாருங்கள். பேட்டரி நீண்ட நாள் உழைப்பதற்காகத் தரப்படும் வசதி அது, கோளாறு அல்ல.

உங்கள் போனில் வயர்லெஸ் சார்ஜிங் வசதி இருந்தால், இன்னொரு நல்ல சோதனையும் உண்டு. கேபிளில் தகராறு செய்யும் போன் வயர்லெஸ் முறையில் ஒழுங்காக ஏறினால், பேட்டரியைக் குறை சொல்ல இடமில்லை.

இவை அனைத்தையும் பார்த்த பிறகும் பிரச்னை நீடித்தால் கடைக்குச் செல்லலாம். அங்கே மூன்று விஷயங்களைக் கேட்டுப் பெறுங்கள். சார்ஜ் ஏறும்போது எத்தனை ஆம்பியர் போகிறது என்பதை யு.எஸ்.பி. மீட்டரில் காட்டச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பேட்டரியை உங்கள் கண்ணில் காட்டச் சொல்லுங்கள். புதுப் பேட்டரியில் பி.ஐ.எஸ். பதிவு எண், அதாவது ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் எண் இருக்கிறதா எனப் பாருங்கள். இந்த எண்ணை பி.ஐ.எஸ். கேர் அப்ளிகேஷனில் கொடுத்துச் சரிபார்க்கலாம். நல்ல கடைக்காரர் இதற்கெல்லாம் கோபப்பட மாட்டார்.

ஒன்றில் மட்டும் தாமதம் கூடாது. போனின் பின்மூடி தூக்கிக்கொண்டாலோ, திரை மேலெழும்பினாலோ, உள்ளே பேட்டரி உப்பியிருக்கிறது என்று பொருள். அப்போது எந்தச் சோதனையும் வேண்டாம். சார்ஜ் போடுவதை உடனே நிறுத்துங்கள். அழுத்தாமல், குத்தாமல் சர்வீஸ் சென்டருக்கு எடுத்துச் செல்லுங்கள். பழைய பேட்டரியைக் குப்பைத் தொட்டியிலும் போடாதீர்கள்.

இவ்வளவு சோதனைகளையும் நம் தலையில் சுமத்துவது நியாயமா என்று கேட்டால், இல்லை என்பேன். 2007ல் நோக்கியாவின் பி.எல். 5சி பேட்டரிகளில் 4.6 கோடி குறித்து எச்சரிக்கை வந்தது நினைவிருக்கிறதா? அப்போது வீட்டில் இருந்தபடியே பின்மூடியைக் கழற்றி, பேட்டரியின் எண்ணைப் பார்த்து, தன்னுடையது அதில் உள்ளதா எனத் தெரிந்துகொள்ள முடிந்தது. இன்று பல போன்களில் பேட்டரி பசை போட்டு ஒட்டி மூடப்பட்டுள்ளது. தண்ணீர் புகாமல் இருக்கவும், மெல்லியதாக இருக்கவும் இது தேவை என நிறுவனங்கள் சொல்கின்றன. அதில் உண்மை உண்டு. ஆனால் மூடிவைத்த பேட்டரியின் நிலையைச் சொல்லும் கடமையும் அதோடு சேர்ந்து வர வேண்டும் அல்லவா? ஐபோனில் பேட்டரி ஹெல்த் பகுதி 2018ல் வந்தது. நூறு ரூபாய் மிச்சம் பார்த்து வாங்கும் மக்களின் விலை குறைந்த போன்களில்தான் இந்தத் தகவல் முதலில் தேவை.

ஐரோப்பிய யூனியன் 2025 ஜூன் 20 முதல், அங்கு விற்பனைக்கு வரும் ஸ்மார்ட் போன்களின் லேபிளில், பேட்டரி எத்தனை சார்ஜ் சுழற்சி தாங்கும், பழுது பார்ப்பது எவ்வளவு எளிது என்பதை அச்சிட வேண்டும் என்று விதித்தது. 800 சுழற்சிக்குப் பின்னும் 80 சதவீதத் திறன் இருக்க வேண்டும் என்பதும் விதி. நம் நாட்டிலும் பழுதுபார்க்கும் எளிமைக்கு மதிப்பெண் தருவது குறித்து, மத்திய நுகர்வோர் விவகாரத் துறை அமைத்த குழு 2025 மே மாதம் அறிக்கை கொடுத்தது. கேமராவுக்கு எத்தனை மெகா பிக்ஸெல் என்று கேட்டு வாங்கும் நாம், பேட்டரிக்கு எத்தனை சுழற்சி என்றும் கேட்கத் தொடங்கினால், அந்த எண்கள் பெட்டியின் மேல் தாமாகவே வரும்.

அதுவரை ஒரு துண்டுத் தாள் போதும். அடுத்த முறை போன் சார்ஜ் ஏற மறுக்கும்போது, தேதி, எந்த சார்ஜர், எந்தக் கேபிள், எந்தப் பக்கம் செருகியது, போன் சூடாக இருந்ததா என்று குறித்து வையுங்கள். ஒரு வாரத்தில் "சில நேரம்" என்பது "இந்த நேரம்" என்று மாறிவிடும். கடைக்குப் போக வேண்டியிருந்தால், அந்தத் தாளையும் எடுத்துச் செல்லுங்கள்.